அறிவியல் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் படிப்பது எப்படி?

வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு. கோலியோரைசா, ஸ்கிளிரங்கைமா, பைட்டாப்தோரா என்று வரும் சொற்களை இரவில் மனப்பாடம் செய்கிறேன், காலையில் பாதி மறந்துவிடுகிறது. கிரேக்க, லத்தீன் வேர்கள் தெரிந்தால் எளிது என்கிறார்கள். அந்த மொழிகளை நான் எங்கே போய்ப் படிப்பது?"

அந்த மொழிகளைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. அவற்றின் வாக்கியங்களோ வினைத்திரிபுகளோ அறிவியல் சொற்களுக்குள் வருவதில்லை. உதிரியான சொல்லுறுப்புகள்தான் வருகின்றன. நன்றாகப் பழகிய ஓரிரு நூறு உறுப்புகள் இருந்தால் முதலாண்டுப் பாடத்தில் எதிர்ப்படும் சொற்களில் பெரும்பாலானவை வழிவிடும். பிரிக்கும் வேலையையும் உங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழ்த் தேர்வில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியிருப்பீர்கள். 'நடந்தனன்' என்ற ஒரு சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று ஆறாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி மதிப்பெண் வாங்கிய கைதானே அது? அதே கைதான் இங்கேயும் வேலை செய்யப்போகிறது. எல்லைப்புறத்துப் பள்ளிகளில் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: ஆங்கில வழியில் படித்து வந்தவர்களைவிட இந்த வேலையில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி அதிகம். தங்களிடம் அது இருக்கிறது என்று அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் படிக்கும் திசை. கிரேக்கக் கூட்டுச்சொல்லில் தலைமையான உறுப்பு பெரும்பாலும் கடைசியில் இருக்கும், முன்னால் வருபவை அதை விளக்கும். தமிழிலும் அப்படித்தான். 'ஒளிச்சேர்க்கை' என்றால் அது ஒருவகைச் சேர்க்கை. எதனால் நடக்கும் சேர்க்கை என்பதை 'ஒளி' சொல்கிறது. ஆகவே நீளமான சொல்லைக் கண்டதும் வாலைப் பிடியுங்கள். இது பொருளா, நோயா, அறுவைச் சிகிச்சையா, உயிரினமா என்பதை வால் சொல்லிவிடும். அதன் பிறகு முன்னால் போகலாம். ஃபோட்டோசிந்தசிஸ் என்பதில் 'தீசிஸ்' வைத்தல், 'சின்' ஒன்றாக, 'ஃபோட்டோ' ஒளி. ஒளியால் ஒன்றாக வைத்தல். உங்கள் கல்லூரித் தோழியர் மலையாளத்தில் 'பிரகாச சம்ஸ்லேஷணம்' என்று படித்திருப்பார்கள். பிரகாசம் ஒளி, சம் ஒன்றாக, ஸ்லேஷணம் இணைத்தல். கிரேக்க உறுப்பு ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் உறுப்பு அங்கே நிற்கிறது. குமுளியிலும் வண்டிப்பெரியாறிலும் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு மொழிச் சொல்லும் காதில் விழுந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிரேக்கம் தானாகத் துலங்கும்.

இனி நீங்கள் கேட்ட சொற்களுக்கு வருகிறேன். கோலியோரைசா: வால் 'ரைசா', வேர். முன்னால் 'கோலியோஸ்', உறை. புல், நெல், சோளம் போன்றவற்றின் விதைக்குள் இளவேரைப் போர்த்தியிருக்கும் உறை. தமிழில் 'முளைவேர் உறை' என்கிறோம்; அது அப்படியே மொழிபெயர்ப்பு. அதன் கூட்டாளியான கோலியோப்டைலில் வால் 'ப்டிலோன்', இறகு. மென்மையான குருத்தை இறகாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர். இப்போது 'கோலியோஸ்' என்ற உறையைத் தாவரவியலுக்கு வெளியே கொண்டுபோங்கள். வண்டினங்களுக்குப் பூச்சியியலில் கோலியோப்டெரா என்று பெயர். 'ப்டெரோன்' சிறகு, உறைச்சிறகிகள். கம்பம் பள்ளத்தாக்கில் தென்னை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காண்டாமிருக வண்டைக் கையில் எடுத்தால் இந்தப் பெயர் விளங்கும். மேலே தெரியும் கெட்டியான ஓடு உண்மையில் முன்சிறகுதான். பறக்க உதவும் மெல்லிய பின்சிறகு அந்த உறைக்குள் மடிந்து கிடக்கிறது. அந்த வண்டின் பெயர் ஓரிக்டெஸ் ரைனோசெரோஸ். ஓரிக்டெஸ் என்றால் தோண்டுபவன்; குருத்தைத் துளைத்துத் தின்னும் வண்டுக்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? 'ரைனோ' மூக்கு, 'கெராஸ்' கொம்பு.

'ப்டெரோன்' கிடைத்துவிட்டதால் அதை விட்டுவிடாதீர்கள். லெபிடோப்டெரா: 'லெபிஸ்' செதில்; வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி அந்தச் செதில்தான். டிப்டெரா: இரு சிறகு, ஈயும் கொசுவும். தைசனோப்டெரா: 'தைசனோஸ்' குஞ்சம், ஏலக்காயில் சொறி உண்டாக்கும் இலைப்பேனை உருப்பெருக்கியில் வைத்தால் சிறகோரத்தில் குஞ்சம் தெரியும். கைரோப்டெரா: 'கெய்ர்' கை, வௌவால். அதன் சிறகு நீண்ட விரல்களுக்கு இடையே விரிந்த தோல். டெரிடோபைட்டா என்று நீங்கள் படிக்கும் பெரணி வகைகளும் இந்தக் குடும்பம்தான், இலை இறகுபோல விரிவதால். ஹெலிகாப்டரும்கூட! அதை 'ஹெலி' என்றும் 'காப்டர்' என்றும் உடைப்பது தவறு. 'ஹெலிக்ஸ்' திருகு, 'ப்டெரோன்' சிறகு, சுழலும் சிறகு. இப்படி ஒரே உறுப்பு பூச்சியிலும் வௌவாலிலும் பெரணியிலும் வானத்திலும் எதிர்ப்பட்டால் அதை மறக்க முடியாது. மனப்பாடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். தனியாக நிற்கும் சொல் போய்விடுகிறது, உறவோடு வரும் சொல் தங்கிவிடுகிறது.

ஸ்கிளிரங்கைமாவையும் தனியாகப் படிக்காதீர்கள். அதற்கு முன் பாரங்கைமா வரவேண்டும். 'பாரா' பக்கத்தில், 'என்' உள்ளே, 'கைமா' ஊற்றப்பட்டது. பழைய கிரேக்க உடற்கூறாளர்கள், கல்லீரல், நுரையீரல் போன்றவற்றின் சதை இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த இரத்தம் பக்கத்தில் ஊற்றிக் கெட்டியானது என்று நம்பினார்கள். நம்பிக்கை போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. பின்னாளில் தாவரவியலாளர்கள் அதை எடுத்து, உறுப்பின் உட்புறத்தை நிரப்பும் சாதாரணத் திசுவுக்கு வைத்தார்கள். அந்த 'எங்கைமா'வை வாலாக வைத்து ஒரு குடும்பமே உருவானது. 'ஸ்கிளிரோஸ்' கடினம், ஸ்கிளிரங்கைமா கெட்டித்திசு. கண்ணின் கெட்டியான வெள்ளை உறைக்கு ஸ்கிளிரா என்று பெயர். தமனிச்சுவர் தடித்து இறுகும் நோய் ஆர்ட்டீரியோஸ்கிளிரோசிஸ். 'கோல்லா' பசை, கோலங்கைமா. தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன், வேதியியலில் வரும் கொலாய்டு இரண்டிலும் அதே பசைதான். 'ஏர்' காற்று; நீர்த்தாவரங்களின் காற்றறைத் திசு ஏரங்கைமா. 'குளோரோஸ்' வெளிர்பச்சை, குளோரங்கைமா. ஒரு வாலைப் பிடித்தால் ஐந்து திசுக்கள் கையில் வந்துவிடும்.

பைட்டாப்தோரா உங்கள் ஊர்ச் சொல் என்றே சொல்லலாம். 'பைட்டோன்' தாவரம், 'ப்தோரா' அழிவு. ஜெர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி 1876-இல் இந்தப் பெயரை வைத்தார், 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான கிருமியைக் குறிக்க. மழைக்காலத்தில் ஏலக்காயை அழுக வைப்பதும், மிளகுக்கொடியைச் சில நாளில் வாட வைப்பதும் இதே பேரினத்தின் உறவினர்கள். வண்டன்மேட்டிலும் பாம்பாடும்பாறையிலும் தோட்டம் வைத்திருப்பவரிடம் 'தாவர அழிப்பான்' என்று சொல்லிப் பாருங்கள், எந்த நோய் என்று அவரே சொல்வார். ஆனால் இந்தக் கிருமி சேரும் பெருங்குழுவின் பெயர் ஊமைசீட்ஸ்; 'ஊஓன்' முட்டை, 'மைக்கெஸ்' பூஞ்சை. முட்டைப் பூஞ்சை என்று பெயர் இருந்தும், இவை உண்மையான பூஞ்சைகள் அல்ல என்பது இன்றைய வகைப்பாடு. உறுப்புகள், பெயர் வைத்தவர் கண்ணால் கண்டதைச் சொல்கின்றன. பிறகு தெரியவந்ததை அவை சொல்லா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கம்பத்திலோ குமுளியிலோ உரக்கடைக்குப் போனால் பாக்கெட்டுகளின் மேல் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். இதைவிட நல்ல பயிற்சி இல்லை. டிரைக்கோடெர்மா: 'திரிக்ஸ்' மயிர், 'டெர்மா' தோல். இலையின் மேல் இருக்கும் மயிர்களைப் பாடத்தில் டிரைக்கோம் என்கிறார்கள், அதே மயிர். சூடோமோனாஸ்: 'சூடெஸ்' பொய்யானது, 'மோனாஸ்' தனி அலகு. ரைசோபியம்: வேரும் வாழ்வும், பயறுவகைகளின் வேர்முடிச்சில் வாழ்கிறது. அசோஸ்பைரில்லம்: பின்பாதி லத்தீன், சின்னச் சுருள். முன்பாதி 'அசோட்', நைட்ரஜனுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். அதைப் பிரித்தால் 'அ' இல்லை, 'சோயே' உயிர். அந்த வாயுவில் அடைத்த விலங்கு இறந்துபோனதால் 'உயிரற்றது' என்றார் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். அது இல்லாமல் எந்த உயிரும் புரதம் செய்ய முடியாது என்பது பின்னால் தெரிந்தது. பவேரியா என்றொரு பாக்கெட்டும் இருக்கும். அதை உடைக்க முயல வேண்டாம், அது ஒரு பிரெஞ்சு அறிவியலாளரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது.

மனிதர் பெயரில் வந்தவை இன்னும் உண்டு. உங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் தேயிலை, கமீலியா சைனென்சிஸ். கமீலியா என்பது கமெல் என்ற இயேசு சபைத் துறவியின் பெயர், சைனென்சிஸ் சீனத்தது. 'என்சிஸ்' என்ற வால் வந்தால் முன்னால் இருப்பது இடம். கறிவேப்பிலையின் முறாயா கோனிகி என்ற பெயரில் இரண்டுமே மனிதர்கள். அவர்களில் கோனிக், தரங்கம்பாடியில் இருந்து நம் செடிகளை ஆராய்ந்தவர். இத்தகைய பெயர்களில் வேர் தேடுவது வீண்வேலை.

நம் மண்ணின் சொற்களே லத்தீன் வேடத்தில் வருவதும் உண்டு. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைகிறது. ஏலக்காயின் பெயர் எலெட்டேரியா கார்டமோமம். பின்பாதி கிரேக்கத்திலிருந்து வந்தது. முன்பாதி 'ஏலத்தரி' என்ற மலையாளச் சொல். டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த வான் ரீடே, இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் அறிவையும் மற்றவர்களின் அறிவையும் திரட்டி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலை வெளியிட்டார். மலையாளச் செடிப்பெயர்கள் பல அந்த வழியாகத்தான் ஐரோப்பியத் தாவரவியலுக்குள் நுழைந்தன. மாமரம் மாஞ்சிஃபெரா: 'மாங்கா'வும் 'ஃபெரா'வும்; லத்தீனில் 'ஃபெரா' தாங்குவது. மாங்காய் தாங்கும் மரம். முருங்கை மோரிங்கா ஒலெய்ஃபெரா. 'ஒலெயம்' எண்ணெய், விதையில் எண்ணெய் தாங்குவது. இஞ்சியின் ஜிஞ்சிபெர், 'இஞ்சிவேர்' என்ற நம் சொல் பிராகிருதம், கிரேக்கம் என்று கைமாறிப் போய் லத்தீனாகத் திரும்பிய உருவம் என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. ஆக, ஏலம் விளையும் மலையில் வளர்ந்தவருக்கு இந்தப் பெயர்ப்பட்டியல் முழுவதும் அந்நியமானது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

வயல்வரப்புத் தும்பையைப் பாருங்கள். லியூகாஸ் ஆஸ்பெரா. 'லியூகோஸ்' கிரேக்கத்தில் வெள்ளை, 'ஆஸ்பெரா' லத்தீனில் சொரசொரப்பு. ஓணத்துக்குப் பூக்களம் போடும்போது தும்பைப் பூவைக் கிள்ளியிருப்பீர்கள்; வெண்மை கண்ணிலும், சொரசொரப்பு விரலிலும் தெரிந்திருக்கும். அந்த 'லியூகோஸ்' மருத்துவத்துக்குள் போனால் லியூகோசைட், வெள்ளணு. 'கைட்டோஸ்' கூடு, இப்போது செல்லைக் குறிக்கும். 'ஹைமா' இரத்தம் சேர்ந்தால் லியூகேமியா. கீழாநெல்லி ஃபில்லாந்தஸ்: 'ஃபில்லோன்' இலை, 'ஆந்தோஸ்' பூ. இலையிலேயே பூப்பதுபோலத் தோன்றுவதால் அவர்கள் இப்படிச் சொன்னார்கள், கீழே காய் தொங்குவதைக் கண்டு நாம் அப்படிச் சொன்னோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூணாறு மலைகளை நீலமாக்கி, 2018-இல் கடைசியாகப் பெருமளவில் பூத்த குறிஞ்சி, ஸ்ட்ரோபிலாந்தஸ், கூம்புப்பூ. இரவிகுளத்தின் வரையாடு நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ்: நீலகிரியின் 'டிராகோஸ்', அதாவது வெள்ளாட்டுக்கடா, 'ஹைலே' காடு, 'கிரியோஸ்' செம்மறிக்கடா. ஒரே விலங்கை ஒரு பெயர் வெள்ளாடு என்றும் மற்றொரு பெயர் செம்மறி என்றும் அழைக்கிறது. பார்த்தவர்களுக்கு அதை எதில் சேர்ப்பது என்ற குழப்பம் நெடுங்காலம் இருந்ததற்குப் பெயரே சாட்சி.

உறுப்புகள் சேரும்போது உருமாறுவதைக் கண்டு மிரள வேண்டாம். புணர்ச்சி விதி தெரிந்த உங்களுக்கு இது பழக்கமானது. 'மரம்' என்பதும் 'கள்' என்பதும் சேர்ந்தால் மகரம் ஙகரமாகிறது. 'சின்' என்பதற்குப் பின் 'பயோசிஸ்' வந்தால் னகரம் மகரமாகி சிம்பயோசிஸ், கூட்டுவாழ்வு. ஆக, 'சிம்' என்று கண்டாலும் அது 'சின்'தான். இரண்டு உறுப்புக்கு நடுவே பொருளில்லாமல் நிற்கும் ஓகாரம் ஒரு சாரியை: ஹைட்ர்-ஓ-ஜன், டிரைக்-ஓ-டெர்மா. 'இல்லை' என்று பொருள்படும் 'அ', உயிரெழுத்துக்கு முன் 'அன்' ஆகும். நியாயம் அநியாயமாவதும் ஆசாரம் அனாசாரமாவதும் எந்த விதிப்படியோ, அந்த விதிப்படிதான் காற்று வேண்டாத பாக்டீரியா அனேரோபிக் ஆனது. இது தற்செயலல்ல. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மொழிக்குடும்பம். நாம் அன்றாடம் புழங்கும் வடசொற்கள் வழியாக அந்த உறவு நமக்கும் பயன்படுகிறது. பஞ்சாங்கத்தின் பஞ்ச, பென்டா. அஷ்டமியின் அஷ்ட, ஆக்டா. தசாவதாரத்தின் தச, டெகா. சப்தஸ்வரத்தின் சப்த, ஹெப்டா. கரிம வேதியியலில் பென்டேன், ஹெப்டேன், ஆக்டேன், டெகேன் என்று வரும்போது கார்பன்களை எண்ணிக்கொள்ளலாம்.

சப்த எப்படி ஹெப்டா ஆனது? சொல்லின் தொடக்கத்தில் வந்த பழைய சகரம் கிரேக்கத்தில் ஹகரமாகத் தேய்ந்தது. சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் நிலைத்தது. இந்த ஒரு விதி பாதிச் சுமையைக் குறைக்கும். கிரேக்க ஹெமி, லத்தீன் செமி: பாதி. கிரேக்க ஹைப்பர், லத்தீன் சூப்பர்: மேல். கிரேக்க ஹைப்போ, லத்தீன் சப்: கீழ். கிரேக்க ஹோமோ, நம்முடைய சமம். ஆனால் ஹோமோ சேப்பியன்ஸ் என்பதில் உள்ள ஹோமோ லத்தீன். அதன் பொருள் மனிதன். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

ஒரே பொருளுக்கு இரு மொழியிலும் உறுப்பு இருப்பதால்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பெரியாறு காட்டில் வாழும் இருவாச்சி, கேரளத்தின் மாநிலப் பறவை. அதன் பெயர் புசெரோஸ் பைகார்னிஸ். 'புசெரோஸ்' கிரேக்கம், மாட்டுக்கொம்பு. 'கெராஸ்' மறுபடி வந்திருக்கிறது. 'பைகார்னிஸ்' லத்தீன், இரு கொம்பு; 'கார்னு' கொம்பு. ஒரே பறவையின் பெயரில் கொம்பு இரு மொழியிலும் இருக்கிறது. இப்போது கண் மருத்துவத்துக்குப் போங்கள். விழிவெண்படலம் கொம்புபோல் உறுதியும் ஒளிபுகும் தன்மையும் கொண்டது என்று அதற்கு லத்தீனில் கார்னியா என்று பெயர் வந்தது. அதில் அழற்சி வந்தால் நோயின் பெயர் கெரடைடிஸ், கிரேக்கம். மருத்துவத்தில் பெரும்பாலும் இந்தப் பழக்கம்தான். உறுப்பின் பெயர் லத்தீனில், நோயின் பெயர் கிரேக்கத்தில். நோய்களைப் பற்றிய பழைய எழுத்து ஹிப்போகிரட்டீஸ் காலம் தொட்டுக் கிரேக்கத்தில் இருந்தது. உடலை அறுத்துப் பார்த்து உறுப்புகளை விவரித்த வெசாலியஸின் 1543-ஆம் ஆண்டு நூல் லத்தீனில் வந்தது. 1895-இல் பாசெல் நகரில் உடற்கூறாளர்கள் உறுப்புப் பெயர்ப்பட்டியலை லத்தீனிலேயே ஒழுங்குபடுத்தினார்கள். அதனால் சிறுநீரகத் தமனி ரீனல், சிறுநீரக அழற்சி நெஃப்ரைடிஸ். நுரையீரல் தமனி பல்மனரி, நோய் நியுமோனியா. தோல் க்யூட்டிஸ், நோய் டெர்மடைடிஸ். பல் டென்டல், நிபுணத்துவம் ஆர்த்தோடான்டிக்ஸ். டென்டலுக்கும் தந்தத்துக்கும் உள்ள உறவை நீங்களே கண்டிருப்பீர்கள். எது கிரேக்கம் என்று அறிய ஆங்கில எழுத்துக்கூட்டல் உதவும். பி-யும் எச்-சும் சேர்ந்து 'ஃப்' ஒலித்தால், ஆர்-க்குப் பின் எச் வந்தால், நியுமோனியாவின் தொடக்கத்தில் போல ஒலிக்காத பி நின்றால், அது கிரேக்கம்.

நோய் வால்களைத் தாவரவியல் மாணவியும் தெரிந்துவைத்திருப்பது நல்லது, வீட்டில் ஒருவர் கையில் மருத்துவ அறிக்கை வந்து நிற்கும் நாள் எல்லோருக்கும் உண்டு. டெங்கு வந்து தேறியவரின் அறிக்கையில் த்ராம்போசைட்டோபீனியா என்று எழுதியிருக்கும். 'பீனியா' வறுமை, 'சைட்' செல், 'த்ராம்போஸ்' இரத்தக்கட்டி. இரத்தத்தை உறைய வைக்கும் அணுக்களின் பற்றாக்குறை, தட்டணுக் குறைவு. 'ஐடிஸ்' அழற்சி. 'மெகாலி' பெரிதாதல், 'ஹெபார்' கல்லீரல் என்பதால் ஹெபடோமெகாலி கல்லீரல் வீக்கம். அறுவைச் சிகிச்சை வால்கள் மூன்றை மட்டும் பொறுமையாகப் பிரித்தறிய வேண்டும். 'டமி' வெட்டுதல். 'எக்டமி' வெட்டி வெளியே எடுத்துவிடுதல். 'எக்' என்பது வெளியே. 'ஸ்டமி' வாய் திறந்துவைத்தல்; 'ஸ்டோமா' வாய், இலையில் நீங்கள் வரையும் இலைத்துளைக்கும் அதே பெயர்தான். கோலெக்டமி என்றால் பெருங்குடலை நீக்குதல், கோலோஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் வழி திறத்தல். காதுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு சொற்கள், நோயாளிக்கோ வெவ்வேறு வாழ்க்கை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஊகம் படிப்பதற்குத் துணை, முடிவெடுப்பதற்கு அல்ல. ஹைப்போகிளைசீமியா சர்க்கரை தாழ்ந்தது, ஹைப்பர்கிளைசீமியா ஏறியது. ஒன்றுக்குச் சர்க்கரை தர வேண்டும், மற்றதற்கு அதைத் தந்தால் ஆபத்து. ஐயம் இருந்தால் எழுத்தெழுத்தாகப் பாருங்கள், மருத்துவரைக் கேளுங்கள். ஒலி ஒத்துப் பொருள் வேறான உறுப்புகளும் உண்டு. 'மையோ' தசை, 'மைக்கோ' பூஞ்சை, 'மையெலோ' மஜ்ஜை. 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் குழந்தை, 'பெடல்' என்பதில் பாதம், 'பெடாலஜி' என்பதில் மண். டிரைக்கோடெர்மாவில் மயிர், டிரைக்கோடமியில் மூன்றாகப் பிரித்தல். சந்தேகம் வந்தால் சொல் எந்தத் துறையில் நிற்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பெயரே உண்மைக்கு மாறாக நிற்பதை மேலே தொட்டேன். ஆக்ஸிஜன் என்றால் 'அமிலம் பிறப்பிப்பது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று லவாய்சியர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் இல்லை என்பது ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் ஆய்வால் 1810 வாக்கில் தெளிவானது. மலேரியா இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. கொசுவுக்குள் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் 1897-இல் கண்டார். குளோரோஃபில்லில் குளோரின் இருக்கும் என்று எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். 'குளோரோஸ்' நிறத்தைத்தான் சொல்கிறது. குளோரின் வாயுவும் வெளிர்பச்சை, இலையும் பச்சை. பச்சையத்தின் நடுவே இருப்பது மக்னீசியம். தேர்வில் வரையறை எழுதும்போது பெயரின் பொருளை ஒரு வரியில் வைத்து, செயல்பாட்டைப் பாடநூலிலிருந்து எழுதுங்கள். பெயரின் பொருளையே வரையறையாக எழுதிவிடாதீர்கள்.

நடைமுறையில் என்ன செய்வது? நூற்றுக்கணக்கான உறுப்புகளை அகர வரிசையில் தரும் பட்டியல்கள் கிடைக்கும். அவற்றிலிருந்து தொடங்க வேண்டாம். அந்தப் பட்டியலும் இன்னொரு மனப்பாடமாகிவிடும். ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஓர் உறுப்பு என்று வையுங்கள். அன்றைய வகுப்பில் வந்த சொல்லை உடைத்து, ஒவ்வோர் உறுப்பையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். 'ரைசா' பக்கத்தில் கோலியோரைசாவும் ரைசோபியமும் ஏற்கெனவே இருக்கும். மட்டநிலத்தண்டான ரைசோம் வரும் நாளில் அது மூன்றாவதாகப் போய் உட்காரும். ஏலச்செடிக்கும் இஞ்சிக்கும் இருப்பது அதுதான் என்பதைப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று சொல் சேர்ந்த பக்கத்தை மறுபடி படிக்கவே தேவையிருக்காது. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல் நெடுநாள் நின்றால் அந்த உறுப்பு உங்களுக்கு இப்போது தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

தொடங்குவதற்கு ஐந்து சொற்கள் தருகிறேன்: மைக்கோரைசா, ரைசோடெர்மிஸ், ஹெமிப்டெரா, லியூகோபீனியா, கெரடோடமி. இவற்றின் உறுப்புகள் எல்லாம் இந்தப் பதிலுக்குள் வந்துவிட்டன. வாலிலிருந்து பிரித்து, உங்கள் ஊகத்தைத் தமிழில் ஒரு வரி எழுதிவிட்டு, அதன் பிறகு அகராதியைத் திறங்கள். ஹெமிப்டெராவில் சிறகு எப்படிப் பாதியாகும் என்று அகராதி பார்த்தும் விளங்காவிட்டால், ஒரு நாவாய்ப்பூச்சியைப் பிடித்து முன்சிறகை விரித்துப் பாருங்கள். அடிப்பாதி தோல்போலத் தடித்தும் நுனிப்பாதி கண்ணாடிபோல மெலிந்தும் இருக்கும்.